கணவாயும் கதவும்: பிரனீஸ் மலைப்பாதைகளின் வரலாறு

வழி அறிந்தவன் வழி அறியாதவனுக்குச் சொல்லும் சொல்லை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்தெடுத்த மொழி தமிழ். ஆற்றுப்படை நூல்களுள் மலைபடுகடாம் இவ்வகையில் தனிச் சிறப்புடையது. பரிசில் பெற்று மீளும் கூத்தன், எதிர்ப்படும் கூத்தனுக்கு நன்னனது மலைநாட்டு வழியைச் சொல்கிறான். எங்கே கால் வழுக்கும், எவ்விடத்தில் இரவில் நடத்தலாகாது, எந்தச் சிற்றூரில் உணவும் தங்குமிடமும் கிடைக்கும் என்பனவெல்லாம் 583 அடிகள் கொண்ட அப்பாட்டில் முறையாக இடம்பெறுகின்றன. இன்றைய மலையேற்றக் கைநூல்கள் சொல்வனவும் பெரும்பாலும் இவையே. ஆனால் ஆற்றுப்படைக்கு இன்னொரு கூறும் உண்டு. வழியின் முடிவில் வந்தவரை ஏற்கும் வாயில் ஒன்று இருக்கும். அவ்வாயில் இல்லையேல் வழி சொல்வதில் பொருளில்லை என்பது நம் பழம்புலவர் கொள்கை எனலாம். வழி, வாயில் ஆகிய இவ்விரண்டையும் ஒருசேர வைத்து நோக்குவதற்கு ஐரோப்பாவின் பிரனீஸ் மலைத்தொடர் மிகப் பொருத்தமான களமாகும்.

பிஸ்கே விரிகுடாவிலிருந்து மத்தியதரைக் கடல்வரை ஏறத்தாழ 430 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையே நிற்பது பிரனீஸ். அதன் மிக உயர்ந்த சிகரமாகிய அனேத்தோ 3,404 மீட்டர் உயரமுடையது. பழைய பனியாறுகள் குடைந்த பள்ளங்களில் நீர் தேங்கி உண்டான ஏரிகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. பிரெஞ்சுப் பக்கத்தில் ஜி.ஆர். 10 என்றும், ஸ்பானியப் பக்கத்தில் ஜி.ஆர். 11 என்றும் எண்ணிட்ட இரு நெடும்பாதைகள் கடலுக்குக் கடல் செல்கின்றன. பாறைகளிலும் மரங்களிலும் தீட்டிய சிவப்பு வெள்ளைக் கோடுகளே அவற்றின் அடையாளம். வழியில் நடப்போர் இரவு தங்குவதற்கான மலைக்குடில்கள் உள்ளன. அவற்றைப் பிரெஞ்சு மொழியில் ரெஃபூஜ் என்றும் ஸ்பானிய மொழியில் ரெஃபூஹியோ என்றும் அழைப்பர். இரண்டின் பொருளும் புகலிடம் என்பதே. அகதியைக் குறிக்கும் சொல்லும் அம்மொழிகளில் இதே வேரிலிருந்து பிறந்தது. பொழுதுபோக்காக நடப்பவனும் உயிர்தப்ப ஓடுபவனும் ஒரே வேர்ச்சொல்லின் கீழ் வந்து நிற்கும் இம்மலையில், இருவரும் ஒரே பாதையிலும் நடந்திருக்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் செய்தி.

இடையர் இட்ட வழி

இப்பாதைகளை முதலில் இட்டவர்கள் இடையர்கள். கோடையில் பனி உருகியதும் ஆடுமாடுகளை உயர்ந்த புல்வெளிகளுக்கு ஓட்டிச் செல்வதும், குளிர் வருமுன் பள்ளத்தாக்குக்கு இறங்குவதும் அவர்களின் ஆண்டு வாழ்க்கை. புல்வெளிகள் மலைமுகட்டின் இருபுறமும் பரந்து கிடந்தமையால், இருபுறத்துப் பள்ளத்தாக்கு மக்களும் தங்களுக்குள் உடன்படிக்கை செய்துகொண்டனர். மேய்ச்சலுக்கும் நீருக்குமான உரிமை மட்டுமன்றி, மன்னர்கள் போரிடும் காலத்திலும் தாங்கள் போரிடுவதில்லை என்னும் உறுதியும் அவற்றில் இடம்பெறுவதுண்டு. 1513ஆம் ஆண்டில் பிளான் தாரெம் என்னுமிடத்தில் பல பள்ளத்தாக்குகள் சேர்ந்து செய்துகொண்ட உடன்படிக்கை இவ்வகைக்குச் சிறந்த சான்று.

இதனினும் பழையது 1375ஆம் ஆண்டின் தீர்ப்பு. பிரெஞ்சுப் பக்கத்துப் பரேத்துஸ் பள்ளத்தாக்கினருக்கும் நவாராவின் ரொன்கால் பள்ளத்தாக்கினருக்கும் இடையே நிலவிய மேய்ச்சல் பூசல் கொலைகள் வரை முற்றியபோது நடுவர்கள் கூடி ஒரு முடிவு சொன்னார்கள். அதன்படி ஒவ்வோர் ஆண்டும் மூன்று பசுக்களைப் பரேத்துஸ் மக்கள் ரொன்கால் மக்களுக்கு வழங்கி வருகின்றனர். சூலை 13ஆம் நாள் பியேர் சான் மார்த்தான் கணவாயின் எல்லைக்கல் அருகே இருதரப்பினரும் கூடி, கல்லின்மேல் கைமேல் கை வைத்துச் சமாதானம் கூறும் சடங்கு இன்றும் நடைபெறுகிறது. இரண்டு பேரரசுகள் 1659இல்தான் பிரனீஸ் உடன்படிக்கையின் மூலம் இம்மலையை எல்லையாக வகுத்தன. அவ்வெல்லையைக் காட்டிலும் மூன்று பசுக்களின் வழக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டு மூத்தது. மலை பிரிப்பது என்பது அரசுகளின் எண்ணம். இடையர்களுக்கு அது இரு ஊர்களின் நடுவிலுள்ள பொதுவெளியாகவே இருந்தது.

மூடாத சத்திரங்கள்

இடையர் வழியிலேயே வணிகரும் யாத்திரிகரும் வந்தனர். ஸ்பெயினின் மேற்கு மூலையிலுள்ள சாந்தியாகோ திருத்தலத்துக்குச் செல்லும் யாத்திரை 11, 12ஆம் நூற்றாண்டுகளில் பெருகியபோது, கணவாய்களில் சத்திரங்கள் எழுந்தன. 1,632 மீட்டர் உயரத்திலுள்ள சோம்போர் கணவாயை ஒட்டி நின்ற சாந்தா கிறிஸ்தினா சத்திரம் அவற்றுள் புகழ்பெற்றது. 12ஆம் நூற்றாண்டின் யாத்திரை வழிகாட்டி நூலொன்று உலகின் மூன்று பெருஞ்சத்திரங்களுள் ஒன்றாக அதனை வைத்துப் போற்றுகிறது. மற்றவை ஜெருசலேமிலும், ஆல்ப்ஸ் மலையின் புனித பெர்னார்டு கணவாயிலும் இருந்தவை. இன்று சோம்போரில் காணக்கிடைப்பது அடித்தளக் கற்கள் மட்டுமே.

மேற்கே ரொன்செஸ்வால்யேஸ் சத்திரம் 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிறுவப்பட்டது. 778இல் சார்லமேன் மன்னனின் பின்படை அழிந்த இடமாக அப்பகுதி ஏற்கெனவே பாடல் பெற்றிருந்தது. அதற்கு மேலுள்ள இபான்யேத்தா கணவாயில் மூடுபனி இறங்கும்போது வழி தவறியோர்க்காக மணி ஒலிக்கும் வழக்கம் இருந்தது. இச்சத்திரத்தைப் புகழும் 13ஆம் நூற்றாண்டு லத்தீன் பாடல் ஒன்று உண்டு. நோயாளி, நலமுடையார் என்றோ, கத்தோலிக்கர், யூதர், வேற்றுச் சமயத்தார் என்றோ பாராமல் அங்கே கதவு திறந்திருந்தது என்று அப்பாடல் கூறுகிறது. சமயப் பகை கொடிதாக இருந்த ஒரு காலத்தில் இவ்வாறு கூறப்பட்டது வியப்புக்குரியது. பனி மூடிய கணவாயில் வந்து நிற்பவனிடம் ஊரும் பேரும் சமயமும் கேட்டுக்கொண்டிருந்தால் அவன் வாசலிலேயே இறந்துவிடுவான். மலைச் சத்திரத்தின் அறம் இந்த எளிய உண்மையிலிருந்து பிறந்தது எனக் கருத இடமுண்டு. நம் ஊர்ப் பெருவழிகளில் சாவடியும் சுமைதாங்கிக்கல்லும் நட்டவர்களின் உள்ளமும் இத்தகையதே.

சிகரங்களும் பெயர்களும்

சிகரம் ஏறுவதையே நோக்கமாகக் கொண்டு மனிதர் இம்மலைக்கு வரத் தொடங்கியது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில். அவர்களுள் முதல்வராக வைத்து எண்ணப்படுபவர் ரமோன் தெ கார்போன்யேர். சுண்ணாம்புப் பாறையாலான மோன் பெர்து சிகரத்தில் கடலுயிர்களின் புதைபடிவங்கள் உண்டு என நிறுவ விரும்பிய அவர், 1797இல் துக்ரூய் என்னும் குறுகிய பிளவு வழியாக ஏறி, உறைந்த ஏரியொன்றின் கரையில் நின்று அச்சிகரத்தைக் கண்டார். 1802 ஆகஸ்டில், வழி தேடி வருமாறு தம் வழிகாட்டிகள் இருவரை அவர் முன்னே அனுப்பினார். அவ்விருவரும் வழியில் சந்தித்த அரகோன் நாட்டு இடையன் ஒருவனுடன் சேர்ந்து 3,355 மீட்டர் உயரமுள்ள உச்சியை அடைந்தனர். சில நாள் கழித்து, ஆகஸ்டு 10ஆம் நாள், ரமோன் ஏறினார். வழிகாட்டிகளின் குடும்பப் பெயர்களை வரலாறு காத்துவைத்திருக்கிறது. அந்த இடையனின் பெயரைக் காணோம்.

பெயரைக் குறித்த இன்னொரு வழக்கு 1838இல் எழுந்தது. பிரெஞ்சுப் பக்கத்தில் மிக உயர்ந்ததாகிய வின்யமால் சிகரத்தின், 3,298 மீட்டர் உயரமுள்ள உச்சிக்கு ஆன் லிஸ்டர் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி ஆகஸ்டு 7ஆம் நாள் ஏறினார். நான்கு நாள் கழித்து மோஸ்கோவா இளவரசர் ஏறினார். இருவருக்கும் வழிகாட்டியவர் கசோ என்னும் உள்ளூர்க்காரர். அப்பெண்மணி உச்சியை எட்டவில்லை என்று கசோ இளவரசரிடம் கூறிவிட்டார். அதை அறிந்த லிஸ்டர், தாம் ஏறியதை உறுதிப்படுத்தும் சான்றில் கசோ ஒப்பமிடும்வரை அவருக்குரிய கூலியைத் தரவில்லை. உரிமைக்காக இருவர் இவ்வாறு வழக்காடிய அச்சிகரத்தில், முந்தைய ஆண்டாகிய 1837இலேயே அதே கசோவும் அவருடைய மைத்துனரும் ஏறி இறங்கியிருந்தனர். பெண்ணுக்கு உரிய புகழை மறைக்க முயன்றவனுக்கு உரிய புகழை இருதரப்பாரும் பொருட்படுத்தவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

பின்னர் அதே வின்யமாலைத் தம் வாழ்வாகவே கொண்டவர் ஹென்றி ரஸ்ஸல். ஐரிஷ் தந்தைக்கும் பிரெஞ்சுத் தாய்க்கும் 1834இல் பிறந்த இவர், உயர்ந்த மலையில் கட்டடம் எழுப்புவது அதன் அழகைக் கெடுக்கும் எனக் கருதினார். ஆகவே 1881 முதல் பனியாற்றின் விளிம்பில் தொழிலாளரைக் கொண்டு பாறையில் குகைகள் குடைந்து தங்கினார். 1889இல் அம்மலைப்பகுதி ஆண்டுக்கு ஒரு பிராங்க் வாடகையில் 99 ஆண்டுக் குத்தகைக்கு அவருக்கு விடப்பட்டது. நண்பர்களைக் குகைக்கு வரவழைத்து விருந்தளிப்பதில் அவருக்குப் பெருவிருப்பம் இருந்தது. அக்குகைகள் இன்றும் உள்ளன. பனியாறோ பெரிதும் சுருங்கிவிட்டது.

1890இல் பிரெஞ்சு ஆல்ப்ஸ் கழகம் துக்ரூய்ப் பிளவில், 2,666 மீட்டர் உயரத்தில், கல்லாலான சிறு குடில் ஒன்றைக் கட்டியது. ரமோன் கண்ட உறைந்த ஏரியைப் பார்த்தபடி நிற்கும் அதுவே பிரனீஸின் இக்கால மலைக்குடில்களுள் மூத்தது. அங்குக் காப்பாளர் இல்லை. யார் வந்தாலும் உள்ளே சென்று தங்கலாம். காப்பாளர் உள்ள பெரிய குடில்களிலும், அவர் கீழிறங்கிவிடும் குளிர்காலத்தில் ஓர் அறையைப் பூட்டாமல் விட்டுவைப்பது பரவலான வழக்கம். பழைய சத்திரத்தின் அறம் இவ்வறையில் தொடர்கிறது.

தெற்கிலிருந்து வந்தவர்கள்

மலைமேல் இவ்வழக்கம் வேரூன்றியிருந்த காலத்திலேயே மலையடிவாரத்தில் வேறொரு வழக்கம் தலைதூக்கியது. 1939 சனவரி 26ஆம் நாள் பார்சலோனா நகரம் பிராங்கோவின் படைகளிடம் வீழ்ந்தது. ஏறத்தாழ ஐந்து லட்சம் மக்கள் சில வாரங்களுக்குள் பிரெஞ்சு எல்லையை நோக்கிப் பெயர்ந்தனர். சாலைகள் நிரம்பி வழிந்தன. சாலை கிடைக்காதவர்கள் பனி மூடிய இடையர் பாதைகளில் ஏறினர். சனவரி 27ஆம் நாள் இரவுவரை எல்லை அவர்களுக்கு மூடியே இருந்தது. பிறகு பொதுமக்களுக்கும், பிப்ரவரி 5ஆம் நாள் முதல் படைவீரர்களுக்கும் திறந்தது. கடந்து வந்தவர்களுள் பெருந்தொகையினர் அர்ஜெலேஸ், சான் சிப்ரியான் கடற்கரைகளுக்கு ஓட்டிச் செல்லப்பட்டனர். முதல் நாள்களில் அங்கே கூரை கிடையாது. குளிர்கால மணலும் அதைச் சுற்றி முள்வேலியுமே இருந்தன.

அந்தக் கூட்டத்தில் ஸ்பானிய மொழியின் பெருங்கவிஞர் அந்தோனியோ மச்சாதோ இருந்தார். நடப்பவனையும் பாதையையும் பற்றி அவர் எழுதிய சிறு கவிதை அம்மொழி பேசுவோர் பலர் நாவில் இன்றும் இருப்பது. 63 வயதில், நோயுற்ற உடலோடு, எண்பதைக் கடந்த தாயையும் தம்பியையும் தம்பி மனைவியையும் உடன்கொண்டு, சனவரி 27ஆம் நாள் மழையில் கடைசித் தொலைவை நடந்து எல்லையைக் கடந்தார். செர்பேர் நிலையத்தில் நின்ற இரயில் பெட்டியொன்றில் இரவைக் கழித்தபின், கொலியூர் என்னும் கடலோர ஊரில் ஒரு விடுதி அவர்களுக்கு இடம் தந்தது. பிப்ரவரி 22ஆம் நாள் அங்கேயே இறந்தார். மூன்று நாள் கழித்துத் தாயும் இறந்தார். விடுதி நடத்திய பெண்மணியின் தோழி ஒருவர் இரவலாகத் தந்த கல்லறையில் கவிஞர் அடக்கம் செய்யப்பட்டார். அவருக்கெனத் தனிக் கல்லறை 1958இல்தான் அமைந்தது. அவருடைய மேலங்கிப் பையில் கடைசிக் கவிதை வரியெழுதிய தாள் ஒன்றைத் தம்பி கண்டெடுத்தார்.

முள்வேலிகளுக்கு நடுவே திறந்திருந்த கதவு ஒன்றையும் குறிப்பிட வேண்டும். முகாம் மணலில் பிறந்த குழந்தைகள் மடிவதைக் கண்ட எலிசபெத் ஐடன்பென்ஸ் என்னும் சுவிட்சர்லாந்துப் பெண், எல்ன் என்ற ஊரில் பாழடைந்த மாளிகையொன்றை 1939இன் இறுதியில் மகப்பேற்று இல்லமாக்கினார். ஸ்பானிய அகதிகளும், பின்னர் யூதப் பெண்களும் அங்கே பிள்ளை பெற்றனர். ஜெர்மானியர் 1944இல் அதை மூடும்வரை ஏறத்தாழ 600 குழந்தைகள் அங்குப் பிறந்தன.

வடக்கிலிருந்து வந்தவர்கள்

ஓராண்டு கழிந்தபின் ஓட்டத்தின் திசை மாறியது. 1940 சூனில் பிரான்சு ஜெர்மனியிடம் வீழ்ந்தது. ஹிட்லருக்குத் தப்பிப் பிரான்சில் வாழ்ந்த எழுத்தாளர்களும் அறிஞர்களும் ஸ்பெயின் வழியாக லிஸ்பனுக்குச் செல்ல முயன்றனர். நாட்டைவிட்டு வெளியேறும் அனுமதியைப் பிரெஞ்சு அரசு தர மறுத்தமையால் மலைப்பாதையே வழியாயிற்று. மார்சேய் நகரிலிருந்து இவர்களுக்கு உதவியவர் வேரியன் ஃப்ரை என்னும் அமெரிக்கர். 1940 செப்டம்பரில் நாவலாசிரியர் ஹைன்ரிஷ் மன், தம் 69ஆம் வயதில் இம்மலையை நடந்து கடந்தார். கவிஞர் ஃபிரான்ஸ் வெர்ஃபெல் அதே குழுவில் சென்றார்.

அம்மாதக் கடைசியில் வால்ட்டர் பெஞ்சமின் வந்தார். அவருக்கு வயது 48; இதயநோய் இருந்தது. லீசா ஃபிட்கோ என்னும் இளம்பெண் அவருக்கும் உடன்வந்த தாய், மகன் இருவருக்கும் வழிகாட்டினார். பான்யூல்ஸ் ஊர்த்தலைவர் அசெமா அவருக்குச் சொல்லிக்கொடுத்த அப்பாதை, 1939இல் குடியரசுப் படைத்தலைவர் லிஸ்தர் தம் வீரர்களுடன் தெற்கிலிருந்து தப்பி வந்த பாதை. அதனாலேயே அது லிஸ்தர் வழி எனப்பட்டது. ஓராண்டு முன்பு வடக்கு நோக்கித் தப்பியவர்களின் அடிச்சுவட்டில் இப்போது தெற்கு நோக்கித் தப்பினர். பெஞ்சமின் பத்து நிமிடம் நடப்பதும் ஒரு நிமிடம் நிற்பதுமாக, தம் ஆற்றலைக் கணக்கிட்டுச் சீராக நடந்தார் என்று 1985இல் வெளியான தம் நினைவுக்குறிப்பில் ஃபிட்கோ எழுதுகிறார். கையெழுத்துப்படி அடங்கிய கைப்பெட்டியைத் தம் உயிரினும் மேலாகக் கருதினார் என்றும் குறிப்பிடுகிறார்.

அவர் மலையைக் கடந்துவிட்டார். மலை அவரைத் தடுக்கவில்லை. கீழே போர்ட்போ ஊரின் காவலர்கள், பிரெஞ்சு வெளியேற்ற அனுமதி இல்லாதவர்கள் திருப்பி அனுப்பப்படுவர் என்றனர். 1940 செப்டம்பர் 26ஆம் நாள் இரவு, விடுதி அறையில், மார்பின் உட்கொண்டு அவர் இறந்தார் எனப் பெரும்பாலோர் கொள்வர். உடன்வந்தவர்கள் பின்னர் பயணத்தைத் தொடர விடப்பட்டனர். ஆவணங்களில் அவர் பெயர் முன்பின்னாக மாறி, பெஞ்சமின் வால்ட்டர் எனப் பதிவாயிற்று. சில மாதங்களுக்குப் பின் அவ்வழி வந்த ஹன்னா ஆரென்ட் அவருடைய கல்லறையைத் தேடியும் காணவில்லை. மலைகடந்து வந்த கையெழுத்துப்படி கிடைக்கவேயில்லை. வரலாறு என்னும் கருத்தைப் பற்றிய அவருடைய கடைசிக் கட்டுரை, முன்னமே ஆரென்டிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தமையால் தப்பியது.

ஃபிட்கோவும் அவர் கணவரும் 1941 ஏப்ரல் வரை அப்பாதையில் மக்களைக் கொண்டு சென்றனர். 1942 நவம்பரில் தெற்குப் பிரான்சையும் ஜெர்மானியர் பிடித்தபின், தப்புவோர் மேலும் உயரமான, கொடிய வழிகளை நாடவேண்டியதாயிற்று. சான் ஜிரோன் ஊரிலிருந்து, 2,838 மீட்டர் உயரமுள்ள வாலியே சிகரத்தின் பக்கமாக எஸ்தெரி தானேயு செல்லும் வழி அவற்றுள் ஒன்று. யூதர்களும், சுட்டு வீழ்த்தப்பட்ட நேசநாட்டு வானோடிகளும், ஜெர்மனியில் கட்டாய வேலைக்குச் செல்ல மறுத்த பிரெஞ்சு இளைஞர்களும் அதில் ஏறினர். அவர்களை வழிநடத்தியவர்களுள் இடையர்களும் கள்ளச்சரக்குக் கடத்துவோரும் உண்டு. காட்டிக்கொடுத்தவர்களும் உண்டு, பிடிபட்டு வதைமுகாம்களில் மாண்டவர்களும் உண்டு. கடந்து சென்றவர்களுள் பலரை ஸ்பெயின் அரசு மிராந்தா தெ எப்ரோ முகாமில் அடைத்து வைத்தது. 1802இன் இடையனைப் போலவே, இவ்வழிகாட்டிகளுள் பெரும்பாலோரின் பெயர்களும் பொதுநினைவில் இல்லை.

இன்றைய பாதை

போருக்குப்பின் மலை மீண்டும் நடப்போருக்கு உரியதாயிற்று. நெடும்பாதைகள் எண்ணிடப்பட்டன; குடில்கள் பெருகின. கத்தலோனியாவில் 1955இல் அமைந்த ஐகுவெஸ்தோர்த்தெஸ் தேசியப் பூங்காவில் ஏறத்தாழ 200 ஏரிகள் உள்ளன. அங்குள்ள ஒன்பது குடில்களையும் ஒரே சுற்றுவழியாக 1987இல் இணைத்தவர்கள் அக்குடில்களின் காப்பாளர்களே. தப்பியோர் வழிகளும் நினைவுவழிகளாயின. சான் ஜிரோன் வழி 1994இல் விடுதலைப் பாதை எனப் பெயர் பெற்றது. ஆண்டுதோறும் சூலையில் நான்கு நாள் நடையாக மக்கள் அதைக் கடக்கின்றனர். பான்யூல்ஸிலிருந்து போர்ட்போ செல்லும் வழி பெஞ்சமின் பெயரால் குறியிடப்பட்டுள்ளது. போர்ட்போ இடுகாட்டருகே 1994இல் தானி கரவான் அமைத்த நினைவுச்சின்னம், கடலை நோக்கி இறங்கும் இரும்புப் படிவழி. அதன் கீழ்ப்பகுதியில் கண்ணாடி ஒன்று வழியை அடைத்து நிற்கிறது. கடல் தெரியும், போகமுடியாது. கொலியூரில் மச்சாதோவின் கல்லறையருகே அஞ்சற்பெட்டி ஒன்று உண்டு. வருவோர் கவிஞருக்குக் கடிதம் எழுதிப் போடுகின்றனர்.

ஆயினும் கதை முடிந்துவிடவில்லை. 2021 சனவரியில் பிரெஞ்சு அரசு, பயங்கரவாதத் தடுப்பையும் குடியேற்றத்தையும் காரணங்காட்டி இம்மலையின் சிறு கடவைகள் பலவற்றை மூடியது. 1939இல் அகதிகள் நடந்துவந்த பான்யூல்ஸ் கணவாயில் பாறைகளைப் போட்டு வழியை அடைத்தனர். இருபுறத்து ஊர்மக்களும் அதனை எதிர்த்துக் கூடினர். மூன்று பசுக்களின் உடன்படிக்கையைக் காத்துவந்த மக்களின் வழிவந்த மனப்பாங்கு அது எனலாம். சில ஆண்டுகளுக்குப் பின்னரே வழி திறந்தது.

ஆயிரம் ஆண்டுப் பிரனீஸ் வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகிறது. மலை உயர்ந்தது, பனி கடியது என்பதால் மாண்டவர்கள் உண்டு. எனினும் ஏறத்தெரிந்த ஒருவன் முன்னே நடந்தபோது முதியவரும் நோயாளரும் குழந்தைகளும் அம்மலையைக் கடந்திருக்கின்றனர். கடந்தபின் அவர்களை நிறுத்தியவை முத்திரையும் முள்வேலியுமே. 2,666 மீட்டர் உயரத்தில் பூட்டில்லாத குடில் ஒன்றை விட்டுவைக்க அறிந்த மனிதனுக்குக் கடல்மட்டத்தில் அதே வழக்கத்தைப் பேணுதல் இன்னும் கைவரவில்லை. வழியோடு வாயிலையும் சேர்த்துப் பாடிய மொழியின் கவிஞர்களுக்கு இதனை அயலார் கதை என்று ஒதுக்க இயலாது. பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் நம் வட்டத்து அன்பர்கள் இனி மலையைப் பாடும்போது, சிகரத்தோடு அந்தப் பெயர் தெரியாத இடையனையும் மலையடிவாரத்துக் கதவையும் நினைவிற் கொள்வார்களாக.